செருப்புக் காவல்

மூன்று நாள் செயலமர்வு.
வரவுத்தாளில் ஒரு கையொப்பம், ஒரு கையேடு,
பத்தரைக்குத் தேத்தண்ணியும் ரோல்ஸும்.
வலயத்திலிருந்து கடிதம் வந்தபோது
இவ்வளவுதான் என்று நினைத்தேன்.
அதுவும் உரும்பிராயில், எங்கள் பள்ளிக்கூட மைதானத்திலேயே.
பஸ் காசும் மிச்சம்.

வளவாளர் ஒரு பெண், யோவிற்றா,
இளவாலைப் பக்கம்.
வலது முழங்காலுக்குக் கீழே பொய்க்கால்;
அதன் வெள்ளைச் சப்பாத்தில்
ஒன்பது மணிக்கே செம்மண் ஏறியிருந்தது.
குணபாலன் சேர் ரோல்ஸ் தட்டை நீட்டியபடி
மெல்லக் கேட்டார்:
"எந்தச் செல்லடியில, ரீச்சர்?"
"செல்லுமில்லை, மிதிவெடியுமில்லை.
பிறக்கேக்கையே இப்பிடித்தான்.
உங்களுக்கு ஒரு கதை தரேலாமல் போச்சு, சேர்."
இரண்டு ரோல்ஸ் எடுத்தார்.

பிறகு எங்கள் கண்களைக் கட்டினார்.
கைதட்டல் கேட்கும் திசைக்கு
நாற்பது மீற்றர் நடக்க வேண்டும்.
பத்தொன்பது வருசமாக
இல்ல விளையாட்டுப் போட்டிக்கு
சுண்ணாம்பு கரைத்து நானே கோடு போட்ட நிலம்.
நானூறு மீற்றரில் மாகாண வெள்ளி எடுத்த கால்கள்
ஏழாவது அடியில் நின்றன.
இல்லாத சுவரொன்றைக் கைகள் தடவின.
யாரோ சிரித்தார்கள்.
என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை,
அதுதான் பயமாக இருந்தது.
"தட்டுங்கோ, இன்னும் தட்டுங்கோ!" என்று கத்தினேன்,
விசிலை விட்டு எப்போதாவது பேசும் நான்.

கட்டை அவிழ்த்தபோது
குழாயடியில் நின்றிருந்தேன்,
மைதானத்துக்கு வெளியே.

இரண்டாம் நாள் ஒரு தாள் தந்தார்கள்.
உங்கள் வகுப்பில் விளையாடாத பிள்ளை ஒன்றின் பெயர்?
அபிசாந், தரம் ஒன்பது.
அந்தப் பிள்ளைக்கு விருப்பமான விளையாட்டு?
பேனை நின்றுவிட்டது.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
இரண்டு ஊன்றுகோலையும் வேப்பமரத்தில் சாத்திவிட்டு
நாற்பது சோடிச் செருப்பையும் சப்பாத்தையும்
அளவு பார்த்து வரிசையில் அடுக்குவான் என்பது.
காகம் கலைப்பான். மணிக்கூடுகளை வாங்கி
மடியில் வைத்திருப்பான்.
புள்ளிப் புத்தகத்தில் அவனுக்கு நேரே
நாலு வருசமாக என் கையெழுத்தில்
'விலக்கு'.
நல்ல பிள்ளை என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லியுமிருக்கிறேன்.

தாளை வெறுமையாகவே கொடுத்தேன்.
யோவிற்றா பார்த்தார், திருப்பி நீட்டினார்:
"அவனிட்டக் கேட்டு எழுதுங்கோ."

திங்கள், ஐந்தாம் பாடவேளை.
வலையை இடுப்பளவுக்கு இறக்கிக் கட்டினேன்.
எல்லோரையும் நிலத்தில் இருத்தினேன்.
இருந்து விளையாடுற கரப்பந்து,
குண்டி நிலத்தை விட்டு எழும்பினால் பிழை.
"காற்சட்டை ஊத்தையாகும், அம்மா அடிப்பா" என்றான் ஒருவன்.
"என்னட்ட அனுப்பு அம்மாவை."
பிறகு மரத்தடிக்குப் போய்
அபிசாந்தைக் கூப்பிட்டேன்.
என்ன விருப்பம் என்றும் கேட்டேன், நாலு வருசம் பிந்தி.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.
முகத்தில் சந்தோசம் ஒன்றையும் காணவில்லை.
"அப்ப செருப்பை ஆர் சேர் பாக்கிறது?"

என்னிடம் பதில் இல்லை.
என் செருப்பையும் கழற்றி
அந்தக் குவியலில் போட்டேன்.

முதல் மூன்று சேர்விஸும் வலையில்.
நாலாவதும் வலையில்; ஒரு தூசணம் சொன்னான்.
விசில் வாயில்தான் இருந்தது, ஊதவில்லை.
ஆனால் நிலத்தில் அரைந்து நகர்வதில்
அவனை வெல்ல ஆளில்லை.
வீட்டுக்குள் அப்படித்தான் திரிகிறானாம்.
ஓட்டக்காரப் பெடியள்
கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல்
ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

கடைசிப் பந்து கோட்டருகில் விழுந்தது.
வெளியே என்று கை காட்டினேன்.
"கோட்டில சேர்! கோட்டில பட்டது!"
செம்மண் அப்பிய முகத்தோடு
இழுத்து இழுத்து வந்து
சுண்ணாம்பு கலைந்த இடத்தை
விரலால் குத்திக் காட்டினான்.
"வடிவாப் பாருங்கோ!"

நான் குனிந்தேன்.
வேப்பமரத்துப் பக்கம்
நாயொன்று என் இடது செருப்பைக்
கவ்விக்கொண்டு போனது.
ஒருவரும் கலைக்கவில்லை.