வீசம்

திகினாவுக்கு வடக்கே ஏரிக்கரைத் தகரக் கொட்டகை.
ட்ரௌட் குஞ்சுகள் நாலாயிரம்.
விளக்கைக் கிட்டே பிடித்தால் வெறும் கண்கள்.

விடியுமுன் மேல்தட்டில் அறுபது மிதந்தன.
பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது.
"காற்று போகுது" என்றான் ஃபௌஸ்டினோ
குழாய் வாயில் விரலை வைத்துப் பார்த்து.
எவ்வளவு என்றேன்.
"போகுது, எடெல்மிரா."

ஓட்டமானி லா பாஸில் கிடைக்கும்,
பஸ் சனிக்கிழமைதான்.
பலகையில் ஆணியடித்து
கண்ணாடிக் குழாயைப் 'ப'னாவாக வளைத்துக் கட்டினேன்.
ஐராம்போ விதை ஊறிய தண்ணீர், பாதிவரை.
ஒரு கை பம்போடு, மறு கை வெட்டவெளிக்கு.
சிவப்பு இந்தப் பக்கம் இறங்கி
அந்தப் பக்கம் ஏறி
பத்து சென்டிமீட்டர் பகையில் நின்று
நடுங்கியது.

ஒரு மீட்டர் நீளம். ரெண்டு மில்லி துளை, உறையில் அச்சடித்தபடி.
தீவன மூட்டையின் முதுகில் கணக்குப் போட்டேன்:
நிமிஷத்துக்கு ஒன்றேகால் லிட்டர்.

"நம்ம ஊர்க் காற்று மெலிசு, கணக்கும் மெலியாதா?"
நல்ல கேள்விதான். மெலியாது.
எவ்வளவு மெலிந்தாலும் காற்றின் பிசுக்கு குறைவதில்லை,
சுவரை அதே பிடிவாதத்தோடு உரசிக்கொண்டு போகும்.
லிட்டர் அதே லிட்டர்.
உள்ளே இருப்பதுதான் குறைவு,
எங்கள் கூலி மாதிரி.

தண்ணீர் நிறைத்த பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்துக்
குமிழி பிடித்தோம்.
அறுபது விநாடி உரக்க எண்ணினான்,
நாற்பதுக்கு மேல் அவசரத்தில் அய்மராவில்.
அரையைத் தாண்டியது,
முக்காலைத் தொடவில்லை.

கணக்கை மூன்று முறை திட்டினேன்.
பிறகுதான் ட்ரில் பிட்டுகளை எடுத்தேன்.
ஒன்று புள்ளி எட்டு நுழையவில்லை.
ஒன்று புள்ளி ஏழு
வெண்ணெயில் போல் போயிற்று.

அழுத்தம் பாதியானால் ஓட்டம் பாதி, அது நியாயமான வியாபாரம்.
துளை அப்படியில்லை,
தன்னைத் தானே நாலு தடவை பெருக்கிக்கொண்டு வந்து நிற்கும்.
பாதித் துளைக்கு அரையில்லை, காலில்லை,
வீசம்தான் வீசும்.
கண்ணுக்குத் தெரியாத இந்தச் சுருக்கத்துக்கு
பாதிக் காற்று போனது.

பக்கத்தில் இன்னொரு குழாயைப் பொருத்தினோம்.
சிவப்பு பத்திலிருந்து ஏழுக்கு இறங்கியது,
பம்புக்கு மூச்சு வாங்குகிறது.
ரெண்டும் சேர்ந்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு.
போதுமா தெரியாது. மத்தியானம்வரை பார்க்கலாம்.

அறுபதையும் ஒவ்வொன்றாக எண்ணித்தான் வலையில் எடுத்தேன்.
அறுபத்திமூன்று.

கடற்காக்கைகள் கொட்டகை மேல் நடந்தன.
அடுத்த தட்டிலிருந்து கேட்டேன்,
காற்று போகுதா?

குனிந்து பலகையைப் பார்த்தான்.
"ஏழு" என்றான்.