முறை என்றொரு கட்டம்

பாடக்குறிப்புக் கொப்பியில்
'கற்பித்தல் முறை' என்றொரு கட்டம்.
மூன்று வருடமாக அதில்
'மாணவர் தாமே தெரிவுசெய்வர்' என்றே எழுதுகிறேன்.

ஒலுமடுக் கிரவல் மைதானத்தில்
நீளம் பாய விரும்பினவர் பாயலாம்,
பந்து வேண்டியவர் பந்தோடு.
எவ்வளவு தூரம் ஓடுவதென்று
அவரவர் காலைக் கேட்டு முடிவெடுக்கலாம்.

விசிலை நான் கழுத்தில் போடுவதில்லை.
பதின்மூன்று வயதில்
சோற்றுக்கும் தண்ணிக்கும் கக்கூசுக்கும்
விசில் கேட்டு வரிசையில் நின்றவன்.
வலயத்திலிருந்து வந்த ஆலோசகர் செபரத்தினத்துக்கு
இதைச் சொல்லவில்லை.
அவர் கேட்டது ஒன்றுதான்:
"அப்ப அணிநடைக்கு என்ன செய்யப்போறீர், தம்பி?"

நேற்று
தரம் ஒன்பது நிதுர்சிகா,
மூச்சு வாங்க, ஒரு கை இடுப்பில்:
"சேர், ஒருக்கா விசில் ஊதுங்கோவன்."

ஏன் என்றேன்.

"ஊதினா எல்லாரும் நிப்பினம்.
இல்லாட்டி நான் மட்டுந்தான் நிக்கிறன்.
எல்லாரும் பாக்கினம்."

விளையாட்டறைத் திறப்பைத் தேடவேண்டியிருந்தது.
எல்லே மட்டைகளுக்குப் பின்னால்,
காற்றுப்போன பந்துக்குக் கீழே
மஞ்சள் பிளாஸ்டிக் விசில்.
குலுக்கினேன், உள்ளே மணி உருண்டது.
குழாயடியில் கழுவினேன்.
இரண்டு தரம்.

மெதுவாகத்தான் ஊதினேன்.
நாற்பது பேரும் நின்றார்கள்.
அவளும்,
அவர்களில் ஒருத்தியாய், வியர்வையைத் துடைத்தபடி,
யாரும் பாராமல்.

என் குதிகள்
நான் சொல்லாமலே ஒன்றோடொன்று சேர்ந்து
விறைத்து நின்றன.

இன்றைய கட்டத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
பேனை மூடி திறந்தபடி.
விசில் காற்சட்டைப் பைக்குள் ஈரமாய்க் கிடக்கிறது.
மணி அடித்துவிட்டது;
தரம் ஏழுப் பெடியள்
சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே ஓடி வருகிறார்கள்.