கத்தாத சாமான்கள்

ஒண்டும் நடக்கேல்லை எண்டுதான்
எல்லாரும் சொன்னார்கள்.
நேசராசா அண்ணையின் கொப்பியிலும் அப்படித்தான் கிடக்கும்:
அம்பகாமம், ஏழாவது ஒழுங்கை,
காலை பத்து நாற்பது, காயம் இல்லை.

ஒரு விரல் தடிப்பு இடைவெளி.
வீரை வேரை விலக்கப் போன என் கை
எதற்காக நின்றதென்று
கைக்கே தெரியாது.
வேருக்கு அடியில் அது,
தேத்தண்ணிக் கோப்பை வாயளவு,
உடம்பெல்லாம் பிளாஸ்டிக், இரும்பு ஒரு சொட்டு.
மெசினுக்கு அரைகுறையாய்த்தான் கேட்கும்.
இத்தனை மாரி வந்து போயும்
தன் வேலையை மறக்காமல் கிடந்தது.

விசில் ஊதியது.
எல்லா ஒழுங்கையிலும் எல்லாரும் அப்படியே நின்றார்கள்.
ஒரு காட்டுக்கோழி மட்டும்
சிவப்புத் தடிக்கு அந்தப் பக்கம்
தன்பாட்டில் கிளறிக்கொண்டிருந்தது.
அதைப் பார்த்தபடி
வந்த முழங்கால் தடத்திலேயே
பின்னுக்கு, இன்னும் பின்னுக்கு.

வெளியே வந்து முகக்கவசத்தைக் கழற்றினால்
சட்டைக் கை தோளோடு கிழிந்திருந்தது.
எதில் மாட்டியதோ.
தவமலர் கிட்ட வந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
தன் சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி
என் கிழிசலைப் பிடித்துக் குத்தினாள்.
குத்தி முடிந்த பிறகும்
கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

மாங்குளம் சந்தியில் இறங்கிப் பாண் வாங்கினேன்.
மிச்சக்காசை மறந்து நடந்தேன்.
கடைக்காரர் கூப்பிட்ட சத்தத்துக்கு
நடு ரோட்டில் அசையாமல் நின்றுவிட்டேன்,
இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு.
ஹோண் அடித்த பஸ்காரன்
ஏதோ பேசிவிட்டுப் போனான்.
திரும்பிக் கடைக்குப் போகவில்லை.

மகன் படுத்த பிறகு
அலுமாரித் துணிக்குக் கீழே இருந்து
ஐஸ்கிறீம் பெட்டியை எடுத்தேன்.
மூடியில் வனிலா இன்னும் அழியவில்லை.
இதற்குள் வைக்க ஒரே ஒரு சட்டம்:
மெசினில் பிடித்தால் கத்தக் கூடாது.
நாள் முழுக்க இரும்புக்குக் காது கொடுக்கிறவளுக்கு
வீட்டிலாவது வாய் திறக்காத சாமான் வேண்டும்.

நீலச் சோக்குத் துண்டு.
முகாமில், தறப்பாளுக்குக் கீழே
பதினேழு வயதில் நான் ரீச்சர்.
நாற்பது பிள்ளைகள். பலகை இல்லை,
தகரத்தில் எழுதினேன்.
மூன்றாம் வாய்பாட்டோடு தேய்ந்துபோன சோக்கு.

ஒரு சேர்ட் பொத்தான்.
பகீரதன் கட்டாருக்குப் போன அன்று
வவுனியா பஸ் நிலையத்தில்
நான் பிடித்த பிடியில் தெறித்தது.
"பொத்தானில்லாத சேர்ட்டோடதான் பிளேன் ஏறினனான்"
என்று இப்போதும் போனில் சிரிப்பான்.
இன்று நடந்ததை அவனுக்குச் சொல்லவில்லை.
பொத்தானை விரலுக்குள் வைத்துக்கொண்டு
"சாப்பிட்டாச்சோ" என்று மட்டும் கேட்டேன்.

ஒரு பஸ் ரிக்கற்.
மை முழுக்கப் போய் வெறும் வெள்ளை.
எங்கே போனேன், ஆரோடு, எதற்கு வைத்திருக்கிறேன்,
ஒன்றும் ஞாபகமில்லை.
நல்ல பயணமாய்த்தான் இருந்திருக்க வேண்டும்.

"அம்மா."
சாருகன் நித்திரை கொள்ளவில்லை.
எழும்பி வந்து பெட்டிக்குள் தலையை விட்டு
போன கிழமை விழுந்த தன் பல்லைத் தேடி எடுத்தான்.
"பல்லு கத்துமோ?"
"கத்தாது."
"அப்ப இது?"

என் தோளில் ஊசி.
சட்டையை மாற்றவே இல்லை நான்.

கழற்றி உள்ளங்கையில் வைத்தேன்.
வாய் கொஞ்சம் கோணல்,
ஓரத்தில் துரு தொடங்கியிருந்தது.
மண்ணுக்குள் கிடந்திருந்தால்
இதற்காக அரை மணி நேரம்
மூச்சைப் பிடித்துக்கொண்டு கிண்டியிருப்பேன்.

"இது நல்லாக் கத்தும்."
"அப்ப உள்ளுக்குப் போடேலாது."
சட்டம் தெரிந்த பிள்ளை.

ஊசியின் வாயை மூடிப்
பல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
"கத்தட்டும்."

மூடியை அழுத்தும்போது
உள்ளே ஏதோ உருண்டது.
அவன் காதை வைத்துக் கேட்டான்.
பிறகு நானும்.

நாளைக்குச் சந்தியில்
தவமலருக்கு ஒரு அட்டை ஊசி வாங்க வேண்டும்.
மிச்சக்காசு கடையில் கிடக்கிறது.