தாமதத்துக்குக் காரணம்

ரசீதின் அடியில் ஒரு கட்டம்:
தாமதத்துக்குக் காரணம்.
கட்டைவிரல் வைத்தால் மறைந்துவிடும் அளவு.
"தொப்பூர்" என்று மட்டும் எழுதினேன்.
தூத்துக்குடிக்காரனுக்கு அது ஒரு ஊர்.

கிருஷ்ணகிரி பைபாஸில்
நாகோஜியின் புக்கிங் ஆபீஸ்.
மின்விசிறி அவர் பக்கம் மட்டும் திரும்பியிருக்கிறது.
பாக்கி வாடகை பதினாலாயிரம்.
எண்ணி வைத்தது எட்டு.
"மீதி?"
"பார்ட்டி புடிச்சிட்டான் திம்மராயா.
கப்பல் போயிடுச்சாம்.
நீ எங்கயோ ஓரங்கட்டித் தூங்கிட்டியாம்."

மத்தியானம் ரெண்டுக்கு வரச்சொன்ன பேக்டரியில்
மாங்கூழ் பீப்பாய் எண்பதையும்
ராத்திரி ஒன்பதரைக்குத்தான் ஏற்றி முடித்தார்கள்.
அந்த ஏழரை மணி நேரத்தை
யாரும் யாரிடமும் பிடிக்கவில்லை.
துறைமுகத்துக்கு வெளியே
ரெண்டு நாள் வெயிலில் நின்றேன்.
ஹால்டிங் என்று வாயைத் திறந்தால்
நாகோஜிக்குக் காது அடைத்துவிடும்.

எனக்கு இருப்பது ஒரு வண்டி.
ஓனர் நான், டிரைவர் நான்,
கிளீனர் வராத நாளில் கிளீனரும் நான்.
ஏழாம் தேதி தவணைக்கு
மூன்று பேரில் யாரும் தூங்குவதில்லை.

போனை எடுத்து மெசேஜைக் காட்டினேன்.
பாளையம் சுங்கச்சாவடி, இரவு 11.42.
ஓமலூர், காலை 6.58.
"நடுவுல கணவாய். அசையல, அண்ணா."
கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"ரெண்டு கேட்டுக்கு நடுவுல இருந்தேன்னு தெரியுது.
முழிச்சிருந்தேன்னு
இதுல எங்க போட்டிருக்கு?"

போட்டோ இருந்தது.
காட்டக்கூடாது என்றுதான் வந்தேன்.
மாதம்மா முந்தின நாளே சொல்லியிருந்தாள்,
அடுத்தவன் ரத்தத்தைக் காட்டி
ஆறாயிரம் வாங்குவியா.
ஆனால் அரிசி வாங்கும் கடையிலும்
அவள்தான் போய் நிற்கவேண்டும்.

காட்டினேன்.

இறக்கத்தில் கவிழ்ந்த லாரி.
தார்ப்பாய் கிழிந்து
ரோடெல்லாம் மக்காச்சோளம்,
மழையில் ஊறி,
என் ஹெட்லைட்டில் மினுங்கிக்கொண்டு.
ஓரத்தில் ஒற்றைச் செருப்பு.

நாகோஜி ரெண்டு விரலால் படத்தை விரித்தார்.
செருப்பைத் தாண்டி, சோளத்தைத் தாண்டி
நம்பர் பிளேட்டில் போய் நின்றார்.
"ஏய், இது பாலக்கோட்டான் வண்டி.
தீர்த்தகிரி.
என்கிட்ட ஒன்பதாயிரம் அட்வான்ஸ் வாங்கினவன்.
அஞ்சு நாளா போன் எடுக்கல.
அவன் ஊர்க்காரன், அண்ணன், மச்சான்
எல்லாருக்கும் அடிச்சு
ஏமாத்துக்காரன்னு சொல்லிவெச்சிருக்கேன்."

விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.
வெளியே ஒரு டேங்கர்
ஹார்ன் அடித்துக்கொண்டே போனது.

"ஆளு?"

அந்த ஆபீஸில்
லோடு, ரேட், ஆயில், கமிஷன் தவிர
அவர் கேட்டு நான் கேள்விப்பட்ட முதல் வார்த்தை.

கால்தான் என்றேன்.
கேபினை நெம்பி எடுக்க ரெண்டு மணி நேரம்.
என் ஜாக்கியும் அங்கேதான் வளைந்தது.
108-ல் ஏற்றும்போது பேசினான்.
"லோடு நனையுது, மூடுங்க" என்றான்.
நாங்கள் நாலு பேர்
கிழிந்த தார்ப்பாயை இழுத்து
ரோட்டில் கிடந்த சோளத்தை மூடினோம்.
எதற்கென்று எங்களுக்கே தெரியவில்லை.

நாகோஜி மேஜை டிராயரைத் திறந்தார்,
மூடினார், மறுபடி திறந்தார்.
நாலாயிரம் எடுத்து வைத்தார்.
"ரெண்டாயிரம் நிக்கட்டும்.
பார்ட்டிகிட்ட பேசறேன்.
இந்தப் படத்த எனக்கு அனுப்பு."

எதற்கு என்று கேட்கவில்லை.
அட்வான்ஸைக் கேட்க இருக்கலாம்.
இல்லை, அந்த அண்ணனுக்கும் மச்சானுக்கும்
திரும்ப அடிக்க இருக்கலாம்.
அனுப்பினேன்.
ரெண்டு நீலக் கோடு விழுந்தது.

நோட்டில் எழுதிக்கொண்டேன்:
நாகோஜி, பாக்கி 2,000.
ஹால்டிங், கேட்கவேண்டும்.
ஜாக்கி, புதுசு.

படி இறங்கும்போது பின்னாலிருந்து குரல்.
"நாளைக்கு ஒரு லோடு இருக்கு, திம்மராயா.
கிரானைட்டு. மதுரை.
காலையில எட்டுக்குள்ள நிக்கணும்.
லேட் ஆகக்கூடாது."