காரணம் குறிப்பிடாத காய்ச்சல்

பகலில் நான் நோய்களை எண்ணாக்குகிறேன்.
காட்பாடி ரோடு, நான்காவது மாடி.
அமெரிக்காவில் யாருக்கோ உடம்பு சுட்டால்
என் திரையில் ஆர் ஐம்பது புள்ளி ஒன்பது:
காரணம் குறிப்பிடாத காய்ச்சல்.
ஒரு நாளைக்கு நூற்றிருபது உடம்புகள்.

இரவில், காகிதப்பட்டறை அறையில்,
கீழே மெக்கானிக் கடை ஷட்டர் இறங்கியபின்
சீனாவுக்குக் கலகம் எழுதுகிறேன்.
மின்விசிறி வெந்த காற்றையே திருப்பித் தரும்.
மடிக்கணினிக்கு அடியில் எவர்சில்வர் தட்டு.
உலகையே ஆளும் விளையாட்டு அது;
செய்தவர்கள் தைப்பிங்கை
மூன்று வரியில் முடித்திருந்தார்கள்:
தெற்கு மாகாணங்களில் அதிருப்தி கூடுதல் பத்து,
மண்ணிலிருந்து முளைக்கும் சிவப்புப் படை,
பேரரசு அடித்துப் போட்டால் சரி.

எனக்குப் பொறுக்கவில்லை.

தேர்வில் தோற்றுத் தோற்றுப்
படுக்கையில் விழுந்த ஒருவன்
காய்ச்சலில் வானத்துக்குப் போய்வந்தான்.
அங்கே ஒரு தகப்பன் கையில் வாள் கொடுத்தார்.
இதை எந்த நிரலில் எழுதுவது?
நான் குரூப் டூவில் தோற்றது மூன்று முறை.
எனக்கு வந்தது வெறும் டைபாய்டு.

ஆடிச் சோதிப்பவன் தஸ்தகீர்.
மேல்விஷாரத்தில் தோல் கிடங்குக் கணக்கு,
வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருவான்.
"ஏன்டா இவங்களுக்குக் கொடி இல்ல?
பதினொரு வருசம் நான்ஜிங்ல உக்காந்து
வரி வாங்கினவன், பரீட்சை வெச்சவன்,
நாள்காட்டியவே மாத்தினவன்.
முளைச்ச படைன்னு காட்டினா எப்படி?
நாடுன்னு போடு."

போட்டேன். மஞ்சள் நிறம் கொடுத்தேன்.
முதல் ஓட்டத்தில் பெய்ஜிங்கையே பிடித்தார்கள்.
இரண்டாவதில் யாருமே எழவில்லை,
அறுபத்து நான்குவரை அரிசி விலை மட்டும் ஏறியது.
மூன்றாவதில் சரியாக நடந்தது.
சரியாக நடந்தபோதுதான் பயமாக இருந்தது.
யாங்சி ஓரம் மக்கள்தொகைக் கட்டங்கள்
ஒவ்வொன்றாக வெளிறின.
இரண்டு கோடி.
மூன்று கோடி என்பாரும் உண்டு.
இடையில் இருக்கிற அந்த ஒரு கோடியை
எந்தக் கட்டத்தில் வைக்க என்றேன்.
தஸ்தகீர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தான்.

மிச்சம் இருந்தது தமிழ்ச் சொல்.
பொத்தானில் எதை எழுத,
கலகமா, கிளர்ச்சியா, புரட்சியா?
மக்கான் சிக்னல் நினைவுத்தூணைத்
தினமும் இடப்பக்கம் விட்டு வண்டி ஓட்டுகிறேன்.
அப்பாவின் பாடநூலில் சிப்பாய்க் கலகம்,
என்னுடையதில் வேலூர்ப் புரட்சி;
அதே கோட்டை, அதே ஜூலை, அதே விடியாத இருட்டு,
தாடியை மழி, நெற்றியை அழி,
தோல் வைத்த தலைப்பாகையை மாட்டு என்ற அதே உத்தரவு.
சீனத்திலும் முன்நெற்றியை மழிக்கச் சொன்னார்கள்.
மாட்டோமென்று வளர்த்தவர்களை
நெடுமுடியர் என்று வைதார்கள்.
மயிர்தானே என்று நினைத்த அதிகாரி
இரண்டு நாட்டிலும் இருந்திருக்கிறான்.

நேற்று அலுவலகத்தில் சுற்றறிக்கை:
திங்கள் வாடிக்கையாளர் வருகை,
ஆண்கள் முழுச் சவரம்.
விளையாட்டாக இருந்தால்
சுட்டியை அதன்மேல் நிறுத்தினால் போதும்,
எது எவ்வளவு கூடும் என்று
சின்னப் பெட்டி ஒன்று சொல்லிவிடும்.

தோட்டப்பாளையம் சலூனில் என் முறை வந்தது.
துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சிட்டவர்
"எடுத்துடலாமா?" என்றார்.
கோப்பில் அந்த இடம் இன்னும் காலி.
ஒரு நிமிஷம் அண்ணே என்றேன்,
சேமித்தேனா என்று நினைவில்லை.