ஓரெழுத்து

உப்பூர்க் கழிமுகத்தில்
ஊசிவால் வாத்துகள் இறங்கி ஒன்பது நாள்.
அறுத்த வயலில் மேய்ந்த வில்லாயுதத்தின் பட்டியில்
ஒரு வாத்து கழுத்தைத் திருகிக்கொண்டு
வானத்தைப் பார்த்தது.
மறுநாள் நாற்பது.

நான் மாதிரி எடுப்பவள்.
பஞ்சுக்குச்சி, ஐஸ் பெட்டி, ராத்திரி பஸ்.

ஆய்வகத் தாளில் கிருமியின் வம்சாவளி:
எங்கோ ஒரு குளிர்ந்த ஏரியில்
ஏதோவொரு பறவையின் குடலில்
தன்னைத்தானே படியெடுக்கையில்
ஓரெழுத்து பிசகியிருக்கிறது.
திருத்த ஆளில்லை.
பிழைத்தது,
பிழைத்துக்கொண்டது.

குழியில் சுண்ணாம்பு விழ விழ
அவர் எண்ணிக்கொண்டே நின்றார்,
மேய்ச்சல் திரும்பும் அந்தியில் எண்ணுவதுபோல.
ஆயிரத்து நூறு.
"ரெண்டு கொறையுதும்மா."
முகக்கவசத்துக்குள்
எனக்குக் கேட்காததுபோல் இருந்தேன்.

நிவாரணப் பட்டியலைப் படியெடுத்ததும் நான்தான்.
தூக்கக் கலக்கத்தில்
வில்லாயுதம், வில்லாயுதன் ஆகிவிட்டார்.
வங்கி மூன்று முறை திருப்பி அனுப்பியது.
அங்கே ஓரெழுத்தும் நுழையாது.

மாசி முடியப் போகிறது.
காரங்காட்டு அலையாத்திக்குள்
நாட்டு வாத்து இரண்டு நீந்துவதாக
நண்டு பிடிக்கிறவர் சொன்னார்.
நல்லா கொழுகொழுன்னு இருக்காம்.

பதிவேடு மேசையில் திறந்தே கிடக்கிறது.
பேனா மூடியை
திருகுகிறேன், திறக்கிறேன்.