தோன்றா எழுவாய்

புதுவயலில், அரிசி ஆலைக்கு எதிரே
சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம்.
கதவைச் சாத்தினாலும் தவிட்டுத் தூசி வரும்:
மின்விசிறி இறக்கையில், முத்திரை மையில்,
சட்டமிட்ட அய்யாவின் புன்னகையில்.

மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்தவள் நான்.
ஒரு மடிக்கணினி, ஐந்து நிறத்தில் கோப்புகள்,
முதுகுவலிக்கு ஒரு தலையணை.
"கன்சல்டன்ட்டாம்" என்றார் உதவியாளர் வயிரவசுந்தரம்
டீ கொண்டுவந்த பையனிடம்,
புதுசாய் வந்த ஒரு பூச்சியின் பெயரைப் போல.

மனுக்கள் எங்கே என்றேன்.
காட்டினார்.
பொன்னி புழுங்கல், இருபத்தைந்து கிலோ
என்று அச்சிட்ட சாக்குகள், ஒன்பது.
அரிசி இல்லை.

ஒன்பதையும் கொட்டினோம்,
நானும் தட்டச்சு செய்யும் அடைக்கலமேரியும்.
தெருவிளக்கு. முதியோர் உதவித்தொகை.
பள்ளத்தூர் பஸ் நிற்காமல் போவது.
மருமகனுக்கு ஒரு வேலை, எந்த வேலையும்.
ஒன்று மனுவே இல்லை. கல்யாணப் பத்திரிகை,
நாலு முனையிலும் மஞ்சள், ஆறு வருடப் பழசு.
"அந்தப் புள்ள இப்ப ஸ்கூலுக்குப் போகும்" என்றாள் மேரி.

எல்லாவற்றுக்கும் போன பதில் ஒன்றே:
'தங்கள் மனு கிடைக்கப்பெற்றது.
ஆவன செய்யப்படும்.'

இதைவிட வழவழப்பான வாக்கியம்
தமிழில் இல்லை. முட்டைப்பூச்சுச் சுவர்.
பல்லிகூட வழுக்கும்.
யார் செய்வார்? படும்.
எப்போது? படும்.
எதை? ஆவன.

எழுதி ஒட்டினேன்:
இந்த அலுவலகத்தில் இனி 'படும்' கிடையாது.
வரிக்கு ஓர் ஆள் வேண்டும், ஒரு தேதி வேண்டும்.
வயிரவசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"தேதி போட்டா அன்னிக்கு வந்து நிப்பாங்களேம்மா."
"ஆமா. அதுக்குத்தான்."

வெள்ளைக்கண்ணுவின் மனு பதினொன்று இருந்தது,
வருடத்துக்கு ஒன்று, யார் யாரோ எழுதிக் கொடுத்தது.
கடைசி மூன்றும் மகள் எழுதியவை,
குண்டு குண்டாய், கோடு தாண்டாமல்.
வீட்டுக்குப் பட்டா வேண்டும்.
வீடு இருப்பது கண்மாய் உள்வாயில்.

தாலுகா அலுவலகத்துக்கு ஒரு போன். ஏழு நிமிடம்.
பதினோரு வருடத்தில் எவரும் செலவழிக்காத
ஏழு நிமிடம்.
நீர்நிலை. தர வழியே இல்லை.

எழுதினேன்:
'அந்த இடத்துக்கு என்னால் பட்டா வாங்கித் தர முடியாது.
காரணம் கீழே. மாற்று மனைக்கு விண்ணப்பியுங்கள்,
படிவம் இணைத்திருக்கிறேன்.'

அய்யா இரண்டு முறை படித்தார்.
"முடியாதுன்னு நான் யாருக்கும் எழுதினதில்ல."
பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார்.
ஆலையில் சங்கு ஊதியது.
போட்டார்.

நான் எழுதிய 'நான்', அவர்.
எனக்கும் இலக்கணத்தில் ஒரு பெயருண்டு.
என் கட்டணப் பில்லைச் சென்னைக்கு அனுப்பியிருந்தேன்.
பதில் அந்த வாரம்தான் வந்தது.
என்ன என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

புதன்கிழமை வெள்ளைக்கண்ணு வந்தார், கடிதத்தோடு.
திட்டத்தான் வருகிறார் என்று
மேரி தண்ணீர்ச் சொம்பை எடுத்து முன்னால் வைத்தாள்.
"சீல் மங்கலா இருக்கு.
இன்னொண்ணு அழுத்தமாப் போட்டுக் குடுங்க.
தம்பிகிட்டக் காட்டணும். அவன் அங்கயே
காரை வீடு கட்ட வட்டிக்கு வாங்கப் போறான்."

மையில் தவிடு. ஊதிவிட்டு அழுத்தினேன்.
ஈரம் காயும்வரை அதையே பார்த்து நின்றார்.
"பதினோரு வருசம்" என்றார்.
அதற்கு வினைச்சொல் எதுவும் சேர்க்கவில்லை.

பிறகு மடியிலிருந்து படிவத்தை எடுத்தார்,
குண்டு எழுத்தில் நிரப்பியது.
மேரி எண் போட்டாள்: ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
தேதிக் கட்டத்தில் பேனா நின்றது.
அவள் என்னைப் பார்த்தாள்,
நான் வயிரவசுந்தரத்தை.

அவர் எழுந்துபோய்
ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றி வந்து
தூசி தட்டினார்.